ஆற்றோரத்து மண்மேடு

போன மாதம் அப்துல் கய்யூம் பாயை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் கச்சேரி ரோடு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆளாளுக்கு அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்கள். நல்ல டிரைவர் என்றார் ஒருவர். ஒரு ஆட்டுக்குட்டி மேல்கூட வண்டியை ஏற்றியதில்லை என்றார் இன்னொருவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலமெல்லாம் ஒரே சந்தில் வாழ்ந்த மனுஷனைப் பற்றிச் சொல்ல உங்களுக்கு ஆட்டுக்குட்டிதானா ஐயா கிடைத்தது? வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன்.

நான் கனகராஜ். கச்சேரி ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். பாயின் வீடு என் கடைக்குப் பக்கத்துச் சந்தில். அவர் மனைவி குல்ஷன், சுதந்திரம் வந்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் இருந்த வரைக்கும் நான் இதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. அவள் போன பிறகு பாய்க்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு பேரும் இல்லை. சொன்னால் வலிக்கப் போவது எனக்கு மட்டும்தான், அது பரவாயில்லை.

பாய் மயிலாப்பூரில் ஒரு பெரிய வக்கீலுக்குக் கார் ஓட்டினார். பேச்சு குறைவு. உயரமான ஆள், ஆனால் சந்துக்குள் நடக்கும்போது யாருக்கோ வழி விடுவது போல ஒதுங்கியே நடப்பார். சைக்கிளைக் கண்டால் மட்டும் அவருக்கு இளக்காரம். நாலு சக்கரம் இருக்கும்போது ரெண்டு சக்கரத்தை நம்பி எவன் நைனா உயிரை வைப்பான் என்பார். நான் விடுவேனா? உன் வண்டி நகர வேண்டுமென்றால் பெட்ரோல் ஊற்ற வேண்டும், என் வண்டிக்குப் பழைய சோறு போதும் என்பேன். தினமும் இதே சண்டைதான். சண்டை போடாத நாளில் எனக்குச் சாப்பாடு இறங்காது.

முப்பது தாண்டித்தான் அவருக்கு நிக்காஹ் ஆயிற்று. குல்ஷனுக்கு ஊர் மணப்பாக்கத்துக்கும் அப்பால், அடையாற்றங்கரையில் ஒரு சின்னக் கிராமம். பேர் வேண்டாம். அவள் அப்பா ஆற்றோரத்தில் வெள்ளரியும் கீரையும் பயிர் செய்தவர். இத்தனை வருஷத்தில் நான் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. வாசலில் திரைச்சேலை தொங்கும், அதற்குப் பின்னாலிருந்து குரல் வரும். அந்தக் குரல் எனக்கு என் கூடப்பிறந்தவள் குரல் போலப் பழகிவிட்டது. அவளும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போனாள். ஆண் பிள்ளை. மெஹபூப் என்று பேர் வைத்தார்கள். பாய் அன்றைக்குக் கடைக்கு வந்து என் கையில் சர்க்கரையைக் கொட்டிவிட்டு, உன் சைக்கிளைக் கொடு நைனா, வாழ்க்கையில் ஒரு தரம் மிதிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். நாற்பதாம் நாள் குளியலுக்கு முன்னாலேயே பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டே நாள், போய்விட்டது.

நாற்பது நாள் முடியாமல் பிள்ளை பெற்றவள் வாசற்படி தாண்டக் கூடாது. அடக்கம் செய்கிற கபரஸ்தானுக்கோ அந்த ஊர்ப் பெண்கள் எந்த நாளிலும் போவதில்லை. எங்களில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? பெண்பிள்ளைகளைத் தெருமுனையோடு திருப்பி அனுப்பிவிட்டுத்தானே நாங்களும் சுடுகாட்டுக்குப் போகிறோம். கொட்டுகிற மழையில் ஆம்பிளைகள் நாலு பேர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆற்றோரம் போனார்கள். பாய் திரும்பி வந்ததும் அவள் கேட்டாளாம், எங்கே வைத்தீர்கள், மேடா பள்ளமா, பக்கத்தில் மரம் ஏதாவது இருக்கிறதா என்று. தலைமாட்டில் ஒரு மருதாணிக் கொம்பு நட்டிருக்கிறேன், தழைத்துவிடும் என்று பாய் சொன்னார். கபரின் தலைமாட்டில் பச்சைக் கொம்பு ஒன்று நடுவது அவர்கள் வழக்கம். அவர் நட்டதும் நிஜம்தான்.

அடுத்த வருஷம் குல்ஷனின் தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனார்கள். அண்ணன் நிலத்தை விட்டுவிட்டு வாணியம்பாடிக்குத் தோல் வேலைக்குப் போய்விட்டான். ஊருக்குப் போக அவளுக்கு ஒரு சாக்கும் மிச்சமில்லை. வேறு பிள்ளையும் பிறக்கவில்லை. அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பிள்ளை கிடக்கிற இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். திரைக்குப் பின்னாலிருந்து அவள் அதைக் கேட்பதை நானே எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். பாய் பதில் பேச மாட்டார். அங்கே காவலுக்கு ஒரு பெரியவர் இருக்கிறார், ஜமாத்தார் இருக்கிறார்கள், பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் நின்றால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று என்னிடம் வந்து புலம்புவார்.

அப்போதுதான் ஜப்பான்காரன் வருகிறான் என்று நாற்பத்திரண்டில் பட்டணம் காலியாயிற்று. அந்தச் சித்திரை மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காதில் நிசப்தம்தான் கேட்கிறது. மயிலாப்பூரில் வீட்டுக்கு வீடு பூட்டு. மவுண்ட் ரோட்டின் நட்டநடுவில் நாய் படுத்துத் தூங்கியது, எழுப்ப ஒரு வண்டி இல்லை. பெட்ரோல் கிடையாது, பஸ் ஏதோ பேருக்கு ஓடியது. என் மனைவி தேவானையைக் காஞ்சீபுரத்துக்கு அனுப்பிவிட்டு நான் கடையிலேயே இருந்தேன். பஞ்சரான டியூபு மேல் குண்டு போட ஜப்பானிலிருந்து எவன் வரப் போகிறான்?

வக்கீல் குடும்பத்தோடு கும்பகோணம் போய்விட்டார். காரின் டயரைக் கழற்றி, நாலு பக்கமும் செங்கல் அடுக்கி நிறுத்திவிட்டு, வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பாயிடம் சாவியைக் கொடுத்திருந்தார். மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குகிற இடம் இருக்கிறதே, முதல் குண்டு அங்கேதான் விழும் என்று அந்தச் சுற்றுவட்டாரக் கிராமங்களும் காலி. குல்ஷனுடைய ஊரும் காலி, கபரஸ்தான் காவல் பெரியவரும் போய்விட்டார் என்று சைதாப்பேட்டைக் கீரைக்காரி ஒருத்தி வந்து சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம் குல்ஷன் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டது எனக்கும் கேட்டது.

"இப்ப என்னைத் தடுக்க அங்க யாரு கீறாங்க? நீங்க ஒருத்தரு தானே கீறீங்க?"

பாய் அதற்கு மேல் தாங்கவில்லை. மறுநாள் என்னிடம் வந்து ஒரு சைக்கிள் கேட்டார். பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகலாம் என்று கிளம்பினார்கள். சைதாப்பேட்டை மர்மலாங் பாலத்தை ஒட்டி இறங்கினால் ஆற்றங்கரையில் மாட்டுவண்டித் தடம், முழுக்க மணல். ஆள் பாரத்தோடு சக்கரம் புதைந்து இரண்டு பேரும் விழுந்து, முட்டி சிராய்த்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பாய் விட்டுவிடலாம் என்றார். அவள், எனக்கு ஒரு சைக்கிள் கிடைக்குமா என்று அண்ணனைக் கேளுங்கள் என்றாள்.

என் கடையில் ஒரு லேடீஸ் சைக்கிள் இருந்தது. சாந்தோம் பள்ளிக்கூடத்து ஆங்கிலோ இந்திய டீச்சரம்மா ஒருத்தி பிரேக் பார்க்கக் கொடுத்துவிட்டு, எடுக்காமலே பெங்களூருக்கு ஓடிவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காலத்தில் மயிலாப்பூரில் எந்தப் பெண்பிள்ளை சைக்கிள் விட்டாள்? அதுவும் பர்தாவுக்குள் இருக்கிறவள். பைத்தியமா உங்களுக்கு என்று பாயைத் திட்டினேன். திட்டிக்கொண்டே சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுத்தேன்.

வக்கீல் வீட்டு மதில் ஆள் உயரத்துக்கும் மேல். உள்ளே தோட்டம், நடுவில் செங்கல் மேல் நிற்கிற கார். அந்தக் காரைச் சுற்றிச் சுற்றித்தான் குல்ஷன் சைக்கிள் பழகினாள். பாய் அவளுக்கு மோட்டார் பழக்குகிற மாதிரியே பழக்கினாராம். வளைவு வந்தால் கையை நீட்டு, எதிரே வருகிறவனை முதலில் பார், பிரேக்கை மெதுவாகத் தொடு. எதிரே வருவதற்கு அந்தத் தோட்டத்தில் ஓணான்தான் இருந்தது. பத்துப் பதினைந்து நாளில் அவள் பழகிவிட்டாள். பாய் என்னிடம் வந்து, என்னைவிட நல்லா வுடறா நைனா என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

முதல் நாள் நானும் கூடப் போனேன். பழைய செயின், வழியில் அறுந்தால் யார் பார்ப்பது? விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். சைதாப்பேட்டை வரைக்கும் குல்ஷன் பர்தாவோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாயின் பின்னால் நடந்து வந்தாள். பாலத்தடியில் நான் வேண்டுமென்றே பின்தங்கிக்கொண்டேன். தலை நிமிர்ந்து பார்த்தபோது பர்தா மடிந்து ஹேண்டில்பாரில் தொங்கியது, அவள் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். தலையைச் சுற்றி முந்தானையை இறுக்கிக் கட்டியிருந்தாள். எனக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது.

அந்த ஆற்றங்கரையை அன்றைக்குப் போல நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. துணி துவைக்கிற கல்லெல்லாம் காய்ந்து கிடந்தது. கோடையில் ஆறு ஒடுங்கி, ஒரு பக்கமாகச் சத்தமில்லாமல் ஓடியது. கரை நெடுக தாழம்புதர், பனைமரம், ஆளில்லாத செங்கல் சூளை. நந்தம்பாக்கம் தாண்டுகிற வரைக்கும் ஒரு வண்டி எதிரே வரவில்லை, ஒரு மனுஷன் எதிரே வரவில்லை. குல்ஷன் மணியை அடித்துக்கொண்டே போனாள். வழியில் நின்ற கொக்குக்கு அடித்தாள், எருமைக்கு அடித்தாள், ஒன்றுமே இல்லாத இடத்திலும் அடித்தாள். போகிற இடம் எது என்று தெரிந்த நான் அந்த மணிச் சத்தத்துக்குப் பின்னால் மிதித்துக்கொண்டே போனேன். ஊரெல்லாம் உயிருக்குப் பயந்து ஓடினதால் அவளுக்கு இந்த ஒரு வழி திறந்தது. இந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

மணப்பாக்கம் தாண்டி ஒரு பனந்தோப்பில் நான் நின்றுகொண்டேன். அதற்கு மேல் அது அவர்கள் இடம். வெயில் ஏறின பிறகு திரும்பி வந்தார்கள். அவள் எனக்குப் பத்தடி தள்ளி, பர்தாவுக்குள், தரையைப் பார்த்தபடி சொன்னாள், என் பிள்ளை தலைமாட்டில் மருதாணி பூத்திருக்கிறது அண்ணா, ஆளுயரம் வளர்ந்திருக்கிறது அண்ணா என்று. அழுது அழுது குரல் கம்மியிருந்தாலும் அதில் ஒரு நிம்மதி இருந்தது. பாயைப் பார்த்தேன். பேயறைந்த மாதிரி நின்றார்.

சாயங்காலம் அவர் தனியாகக் கடைக்கு வந்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். ரொம்ப நேரம் ஒரு பெடலைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அது நம்ம புள்ள இல்ல நைனா" என்றார்.

அவர் நட்ட கொம்பு பிழைக்கவில்லை. மழை விட்டதும் போய்ப் பார்த்திருக்கிறார், ஆடு கடித்து மொட்டையாகக் கிடந்ததாம். பெற்றவளிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை, தழைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவள் எங்கே வந்து பார்க்கப் போகிறாள் என்ற நினைப்பு. பிள்ளைகளை வைக்கிற மூலையில் பக்கத்திலேயே வேறு யாரோ ஒரு பிள்ளையின் மேடு, அதில் யாரோ நட்ட மருதாணி வேர் பிடித்துப் புதராகிவிட்டது. குல்ஷன் சைக்கிளைப் போட்டுவிட்டு நேரே அந்தப் பூவைப் பார்த்து ஓடியிருக்கிறாள். மண்ணைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். நிஜமான மெஹபூப் நாலு எட்டுத் தள்ளி, ஆற்றின் விளிம்பில், மொட்டைப் பனையடியில், புல்கூட முளைக்காத மேட்டில் கிடந்தான்.

நான் கோபக்காரன். அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். நாக்கு இருக்கிறதா இல்லையா உனக்கு, அந்த இடத்திலேயே கையைப் பிடித்து இழுத்துக் காட்டியிருக்க வேண்டாமா, பெற்றவளை ஊரான் பிள்ளை மேல் அழவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறாயே என்று கத்தினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அடுத்த தடவை சொல்லிவிடுகிறேன் என்று எழுந்து போனார்.

அடுத்த தடவை போனார்கள். அதற்கடுத்த தடவையும் போனார்கள். அந்தக் கோடை முழுக்க வாரத்துக்கு ஒரு நாள் அந்த வெறும் கரையில் இரண்டு சைக்கிள் போயிற்று, வந்தது. குல்ஷன் ஒரு சின்னக் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு போவாள். ஆற்றில் மொண்டு மருதாணிக்கு ஊற்றுவாள், மல்லிகைப் பூவைப் பிய்த்துத் தூவுவாள், வீட்டு விஷயமெல்லாம் அந்த மேட்டிடம் சொல்வாள். வக்கீல் வீட்டுக் கார் செங்கல் மேல் நிற்பதைச் சொல்வாள், என் கடையைப் பற்றிக்கூடச் சொல்லியிருக்கிறாள். அந்த நேரத்தில் பாய், பீடி குடிப்பதாகச் சொல்லிவிட்டு விளிம்புக்குப் போய் உட்கார்ந்துகொள்வாராம். ஒரு கையில் பீடி, இன்னொரு கை பக்கத்து மண் மேல். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

சொல்லிவிட்டாயா என்று நான் ஒவ்வொரு வாரமும் கேட்பேன். ஒரு வாரம் அவர் சொன்னதைக் கேட்ட பிறகு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். அன்றைக்கு மருதாணிக்கு ஊற்றியது போகக் குடத்தில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்ததாம். குல்ஷன் எழுந்து விளிம்புக்கு வந்து, இந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் இல்லை போலிருக்கிறதே, வெறும் மண்ணாகக் கிடக்கிறதே என்று சொல்லி, மிச்சத் தண்ணீரை அதன் மேல் ஊற்றினாளாம். பாய் இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப போய் நான் இன்னான்னு சொல்றது நைனா? இத்தினி நாளு மிச்சத் தண்ணி ஊத்தினியே, அதான் உன் புள்ளன்னு சொல்லவா?"

நான் கையில் இருந்த டியூபுக்குக் காற்று அடிக்க ஆரம்பித்தேன்.

ஜப்பான்காரன் வரவில்லை. ஜனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பூட்டுகள் திறந்தன, மயிலாப்பூரில் மறுபடியும் சத்தம் வந்தது. வக்கீல் வந்தார், கரியில் ஓடுகிற மாதிரி காரை மாற்றிக்கொண்டார், பாய்க்குப் பழையபடி வேலை. கபரஸ்தான் பெரியவரும் ஊர் திரும்பினார். ஒரு நாள் குல்ஷனைத் தூரத்திலேயே நிறுத்தி, கோபப்படாமல், மரியாதையாகவே சொன்னாராம், இனிமேல் நீ வரக் கூடாது மகளே, ஆம்பிளைகள் வருவார்கள், சங்கடம் என்று. டீச்சரம்மாவும் பெங்களூரிலிருந்து வந்து தன் சைக்கிளைக் கேட்டாள். அதை எடுத்துக்கொண்டு போகும்போது, டயர் இவ்வளவு தேய்ந்திருக்கிறதே என்று என்னை முறைத்தாள். துரு பிடிக்காமல் இருக்க அப்போதைக்கப்போது ஓட்டிப் பார்த்தேன் என்று சொல்லிவைத்தேன்.

குல்ஷன் அழவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து என்னிடம் சொன்னாள், பரவாயில்லை அண்ணா, இடம் தெரிந்துவிட்டது, கண்ணை மூடினால் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று. அன்றிலிருந்து பாய் மாதம் ஒரு தடவை தனியாகப் போய்வருவார். மருதாணியில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்து அவளிடம் கொடுப்பார். அவள் அதை அரைத்துக் கையில் வைத்துக்கொள்வாள். சிவந்த கையைத் திரை ஓரத்தில் என் மனைவி பார்த்திருக்கிறாள்.

அடுத்த வருஷம் அக்டோபரில் அந்த மழை வந்தது. பட்டணத்தில் இருந்தவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கூவம் ஒரு பக்கம் ஏறியது, அடையாறு ஒரு பக்கம் ஏறியது. சைதாப்பேட்டையில் குடிசைகள் போயின, கோட்டூர்ப் பக்கம் எது வயல், எது ஆறு என்று தெரியவில்லை என்றார்கள். சந்தில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு பாய் வீட்டுப் பக்கம் காது கொடுத்தேன். குல்ஷன் ஓயாமல் ஓதிக்கொண்டிருந்தாள். மருதாணி தப்பிக்க வேண்டும், என் பிள்ளையைத் தண்ணீர் தொடக் கூடாது, தப்பித்தால் மலிதா செய்து பாத்தியா ஓதுகிறேன் என்று நேர்ந்துகொண்டாளாம். மலிதா என்றால் அரிசிமாவில் வெல்லமும் தேங்காயும் போட்டுப் பிசைகிற இனிப்பு.

தண்ணீர் வடியத் தொடங்கினதும் பாய் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். போனவர் பகல் சாய்கிற நேரத்தில்தான் வந்தார். இடுப்பு வரை சேறு. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, துடைக்க ஒரு துணி கேட்டார். நான் கொடுத்தேன். சேற்றைத் துடைக்காமல் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

ஆறு கரையை அறுத்துக்கொண்டு போயிருந்தது. மொட்டைப் பனை இல்லை. விளிம்பு இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் ஓடுகிறது. மருதாணிப் புதர் மட்டும் வேரில் பாதி வெளியே தெரிய, விழாமல் நின்றுகொண்டிருந்தது. அதன் மேடு கரையவில்லை.

அவர் துணியிலிருந்து முகத்தை எடுத்து, அவள் காத்துக்கொண்டிருப்பாள், கூட வா நைனா, தனியாக என்னால் முடியாது என்றார். போனேன். வாசலில் திரைக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன், அவர் உள்ளே போய் எனக்குத் தெரிகிற மாதிரி சுவரோரம் உட்கார்ந்தார். அவள் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"மருதாணி அப்டியே கீது."

உள்ளே ஒரு பெருமூச்சு, அப்புறம் அழுகை, அப்புறம் அல்லாவுக்கு நன்றி. சரி, இதோடு முடிந்தது, பாவம் அந்த மனுஷன் எழுந்து போய்க் குளிக்கட்டும் என்று நான் நினைத்தேன். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. மலிதாவை முன்னாலேயே செய்துவைத்திருக்கிறாள். தட்டைக் கொண்டுவந்து வைத்தவள் சட்டென்று நின்றாள்.

"ஓரத்துல ஒண்ணு இருந்துச்சே, அந்தப் புள்ள?"

பாய் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கரையோட போய்ட்ச்சு" என்றார்.

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும், ஒரு சத்தம் பாதியில் நின்றது. பிறகு மெல்லச் சொன்னாள், அதைப் பெற்றவள் எங்கே இருக்கிறாளோ, அவளுக்கு இது தெரியுமோ தெரியாதோ, தெரிந்தால் எப்படித் தாங்குவாள் என்று. வெளியே நின்ற நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். தட்டில் இருந்ததை இரண்டு பங்காகப் பிரிக்கிற அவள் கை திரை இடுக்கில் தெரிந்தது. முந்தின மாதம் வைத்த மருதாணி நகத்தில் மட்டும் மிச்சமிருந்தது.

"இது நம்ம மெஹபூபுக்கு. இது அந்தப் புள்ளைக்கு. அதுக்குன்னு ஓத யாரு கீறா? நீங்களே ஓதிடுங்க."

பாய் கையை ஏந்தினார். முதல் பங்குக்கு ஓதினார், குரல் சீராகத்தான் இருந்தது. இரண்டாவது பங்குக்கு முன்னால் ஊதுவத்தியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டு தொடங்கினார். இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. மறுபடியும் முதலிலிருந்து எடுத்தார், மறுபடியும் நின்றது. சேறு காய்ந்த சட்டையோடு, ஏந்தின கையை இறக்காமல், அந்த உயரமான மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார். பிள்ளை போய் நாலு வருஷம், ஒரு தடவைகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. பிள்ளை செத்த அன்றைக்குக்கூட அவளைத் தேற்றுவதற்காக அழாமல் இருந்தவர்.

விட்டு விட்டு, கடைசி வரைக்கும் ஓதி முடித்தார். தன் பிள்ளையின் பேரைச் சொல்லாமலே முடித்தார்.

குல்ஷன் திரைப் பக்கம் வந்தாள். மலிதா கொஞ்சம் ஒரு இலையில் வெளியே வந்தது, எனக்கு. கூடவே குரலும் வந்தது.

"பாருங்கண்ணா, யாரு பெத்த புள்ளைக்கோ இப்டி அழுவுறாரு. இந்த மாதிரி மனுசன நீங்க எங்கியாச்சும் பாத்துக்கீறீங்களா?"

இல்லை தங்கச்சி, பார்த்ததில்லை என்றேன். இலையை வாங்கிக்கொண்டேன்.